கடிகாரம் பொய் சொல்லலாமா?

நெல்லையில் எங்கோ ஓர் அதிர்வேட்டு வெடிக்கிறது. டவுனில் ஒருவர், பாளையங்கோட்டையில் ஒருவர், குறுக்குத்துறை ஆற்றங்கரையில் ஒருவர் என்று மூன்று நண்பர்கள், ஒத்துவைத்த கடிகாரங்களுடன் ஓசை கேட்ட நேரத்தைக் குறிக்கிறார்கள். ஒருவருக்கு 3 விநாடி முந்திக் கேட்டால், வெடித்த இடம் அவருக்குச் சுமார் 1 கிலோமீட்டர் கூடுதல் அருகில் உள்ளது. மூவர் குறிப்பையும் வைத்து, வெடித்த இடத்தை வரைபடத்தில் கண்டுபிடித்துவிடலாம்.

வானத்திலும் இதுவே முறை. 1979 மார்ச் 5-ஆம் நாள் கடுமையான காமாக் கதிர் வீச்சு ஒன்று வந்தது. சோவியத்தின் வெனெரா 11, 12, அமெரிக்காவின் பயனியர் வீனஸ் முதலிய விண்கலங்கள் அதைப் பதிவு செய்தன. இரண்டு கலங்களின் நேர வேறுபாடு வானில் ஒரு வட்டத்தைத் தரும். மூன்றாவது கலம் அதை இரண்டு புள்ளிகளாகக் குறைக்கும். நான்காவது, எது சரி என்று சொல்லும். இப்படிக் கிடைத்த இடம் பெரிய மெகல்லன் மேகம். குளிர்கால இரவில் நம் ஊரின் தென் அடிவானத்துக்கு மேல் சுமார் 12 பாகை உயரம் வரும் அண்டை விண்மீன் திரள் அது.

ஒளி விநாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. எனவே ஒரு கடிகாரம் 1 விநாடி தவறினாலும் கணக்கு அத்தனை தூரம் தவறும். பகைமை பாராட்டிய இரு நாடுகளின் நேரக் குறிப்புகளும் நேர்மையாக இருந்ததால்தான் விடை கிடைத்தது. 2015-இல் நாம் ஏவிய அஸ்ட்ரோசாட்டும் இத்தகைய வெடிப்புகள் 500-க்கு மேல் பதிவு செய்துள்ளது. அதை ஏவிய பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் விகாஸ் எஞ்சின் சோதிக்கப்படுவது நம் மகேந்திரகிரியில்தான்.

ஆனால் நம் சோதனைக்கூடங்களில் நடப்பது என்ன? தனி ஊசல் சோதனையில் புவியீர்ப்பு முடுக்கம் 980 என்று வரவேண்டும் என்பதற்காக, மாணவர்கள் ஊசலின் நேரத்தைத் திருத்தி எழுதுகிறார்கள். வேடிக்கை என்னவென்றால், நெல்லையில் உண்மை மதிப்பு ஏறக்குறைய 978! குற்றம் மாணவர்களுடையதன்று. "சரியான" விடைக்கு மட்டும் மதிப்பெண் தரும் எங்களைப் போன்ற ஆசிரியர்களுடையது.

அடுத்த முறை 965 வந்தாலும் அப்படியே எழுதுங்கள். பிழை எங்கிருந்து வந்திருக்கலாம் என்று ஒரு வரி சேருங்கள். அந்த வரிக்குத்தான் நாங்கள் முதலில் மதிப்பெண் தரவேண்டும்.