தைத்தவர் பெயர் எங்கே?



இது நீளமான பதிவு. காபி போட்டுக்கொண்டு உட்காருங்கள். கொஞ்சம் கோபமும் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஓர் அரங்கேற்ற அழைப்பிதழ் வந்தது. பதினாறு பக்கம், வழவழ காகிதம். குருவின் படம், குருவுக்குக் குருவின் படம். நட்டுவாங்கம், பாட்டு, மிருதங்கம், வயலின், புல்லாங்குழல் எல்லோருக்கும் படத்தோடு அரைப் பக்கம். சிறப்பு விருந்தினர்கள் மூன்று பேர் (அதில் ஒருவருக்கு அலாரிப்புக்கும் ஜதிஸ்வரத்துக்கும் வித்தியாசம் தெரியாது என்று எனக்குத் தெரியும், போகட்டும்). கடைசிப் பக்கத்தில் சாப்பாட்டுக் காண்டிராக்டரின் பெயரும் செல் நம்பரும். நான் ஒரே ஒரு கேள்விதான் போட்டேன்: "டிரஸ் தைத்தவர் பெயர் எங்கே? மேக்கப் யார்? லைட் யார்?" நான்கு சிரிக்கும் முகங்கள் வந்தன. ஒரு பிள்ளை மட்டும் பதில் எழுதியது: "அத்தை, டெய்லர் பேரெல்லாம் யாராவது போடுவாங்களா?"

போட வேண்டும். சிரித்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்த டிரஸ் எப்படி உருவாகிறது என்று தெரியுமா? ஒரு பட்டுப்புடவையை வெட்டித் தைப்பது அது. தெரிந்த தையற்காரர் பெண்ணை அரைமண்டியில் உட்காரச் சொல்லித்தான் அளவெடுப்பார். நிற்க வைத்து மட்டும் அளவெடுத்துத் தைத்தால் முதல் அடவிலேயே தையல் விட்டுவிடும். முன்னால் வருகிற விசிறி மடிப்பு, முட்டி விரியும்போது வட்டமாக விரிய வேண்டும், கால் சேர்ந்ததும் கலையாமல் மூடிக்கொள்ள வேண்டும். ஜரிகைக் கரை அங்கே இங்கே இழுக்காமல் ஒரே கோடாக நிற்க வேண்டும். எந்தக் கரை இடுப்புக்கு, முந்தானையில் எந்தத் துண்டு விசிறிக்கு, எது மேலாக்குக்கு என்று கத்தரி வைப்பதற்கு முன்பே மனசுக்குள் எல்லாவற்றையும் பார்த்து முடித்திருக்க வேண்டும். தப்பாக வெட்டினால் புடவை போனதுதான். வளர்கிற பெண்ணாக இருந்தால் உள்ளே துணியை மடித்து விட்டிருப்பார், இரண்டு வருஷம் கழித்துப் பிரித்துப் பெரிதாக்கிக்கொள்ளலாம். அந்த மடிப்பு வெளியே தெரியவும் கூடாது.

இதற்குப் பெயர் ஜியாமெட்ரி. முப்பத்தோரு வருஷம் நான் கரும்பலகையில் போட்டது இதைத்தான். கோணமானியை எந்தப் பக்கம் வைப்பது என்று முழித்த ஒருவன் இன்றைக்கு மயிலாப்பூரில் மாட வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் இதைக் கண் பார்வையில் செய்கிறான். உங்களுக்கெல்லாம் ஞாபகம் இருக்கும், நான் விடைக்கு மட்டும் மார்க் போட்டதில்லை, ஒவ்வொரு ஸ்டெப்புக்கும் போட்டிருக்கிறேன். விடை மட்டும் சரியாக வந்து நடுவில் ஸ்டெப்பே இல்லையென்றால் யாரைப் பார்த்து எழுதினாய் என்றுதான் கேட்பேன்.

குழுவில் வந்த வாதங்களுக்கு வருகிறேன். முதல் வாதம்: "அவருக்குத்தான் காசு கொடுத்தாச்சே." சரி, மிருதங்கக்காரர் இலவசமாகவா வாசித்தார்? அவருக்கும் காசுதானே கொடுத்தீர்கள். பிறகு அவர் படம் மட்டும் எப்படி வந்தது? இரண்டாவது: "இடம் இல்லை." சாம்பார் வைக்கிறவர் செல் நம்பருக்கு இடம் இருந்தது. மூன்றாவது கொஞ்சம் யோசிக்க வேண்டிய வாதம்: "அப்படிப் பார்த்தால் ஆட்டோ ஓட்டினவர், ஹாலைப் பெருக்கினவர் எல்லோர் பெயரும் போடணுமே, எங்கே நிறுத்துவது?" எனக்குத் தெரிந்த கோடு இது. அந்த ஆள் மாறினால் மேடையில் நாம் பார்ப்பதும் கேட்பதும் மாறுமா? மாறும் என்றால் பெயர் போட வேண்டும். ஆட்டோ மாறினால் நாட்டியம் மாறாது. லைட் ஆள் மாறினால் மாறும்.

பெயர் என்பது மரியாதைக்காக மட்டும் என்று நினைக்காதீர்கள். மாதச் சம்பளக்காரர்களான நமக்கு அது புரிவது கஷ்டம். நமக்கு சம்பளச் சீட்டு உண்டு, சர்வீஸ் புத்தகம் உண்டு. இவர்களுக்கு அச்சில் வந்த பெயர்தான் சர்வீஸ் புத்தகம். என் மாணவன் ஒருவன் பதினான்கு வருஷமாக நாட்டிய நிகழ்ச்சிகளுக்கு லைட் செய்கிறான். தி.நகர், மயிலாப்பூர், ஆழ்வார்பேட்டையில் அவன் ஏணி போட்டு ஏறாத அரங்கம் கிடையாது. சிவப்புப் பட்டின் மேல் பச்சை ஒளி விழுந்தால் பட்டு கறுத்துவிடும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவனே அவன்தான். அவனை அமெரிக்கச் சுற்றுப்பயணத்துக்கு ஒரு குழு கூப்பிட்டது. விசாவுக்கு, இதற்கு முன் செய்த வேலைக்கு அத்தாட்சி கேட்டார்கள். வீடு முழுக்கத் தேடினான். பதினான்கு வருஷத்து அழைப்பிதழ்கள், நோட்டீசுகள் எல்லாம் வைத்திருந்தான். அவன் பெயர் இருந்தது இரண்டே இரண்டில், அதில் ஒன்றில் தப்பான இனிஷியல். சபா சபாவாகக் கடிதம் கேட்டு அலைந்தான். சிலர் கொடுத்தார்கள், சிலர் "செயலாளர் ஊரில் இல்லை" என்றார்கள். அதற்குள் தேதி போய்விட்டது. அந்தக் குழு அங்கேயே உள்ளூரில் ஓர் ஆளை வைத்து நடத்திக்கொண்டது. ஒரு வரி அச்சடிக்காததன் விலை இது. இப்போது சொல்லுங்கள், சிரிப்பு வருகிறதா?

இது நாட்டியத்தில் மட்டும் இல்லை. சந்திரமுகி பார்க்காதவர் நம் குடும்பத்தில் கிடையாது. அதன் மூலம் 1993ல் ஃபாசில் எடுத்த மலையாளப் படம் மணிச்சித்ரதாழ். நடித்த ஷோபனாவுக்குத் தேசிய விருது, நியாயமாகத்தான். கங்காவுக்குக் குரல் கொடுத்தவர் பாக்யலட்சுமி. நாகவல்லியாக மாறித் தமிழில் சீறுகிற இடங்களும் அவர் குரல்தான் என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். அந்தத் தமிழ்க் குரல் துர்கா என்கிற டப்பிங் கலைஞருடையது என்று இயக்குநரே வெளியே சொன்னது 2016ல். கழித்துப் பாருங்கள், இருபத்து மூன்று வருஷம். அந்தக் காட்சியைப் பார்த்து ஒரு தலைமுறையே உடம்பு சிலிர்த்தது. யாருடைய தொண்டையைக் கேட்டுச் சிலிர்த்தோம் என்று அதற்குத் தெரியாது. இன்னும் பின்னால் போனால், 1949ல் வந்த மஹால் என்ற இந்திப் படத்தின் இசைத்தட்டில் பாடியவர் பெயர் காமினி என்று அச்சாகியிருந்தது. காமினி என்பது கதாபாத்திரத்தின் பெயர். பாடியவர் லதா மங்கேஷ்கர். இன்று பாடகர் பெயர் இல்லாத ஒரு பாட்டை நினைத்துப் பார்க்க முடிகிறதா? கேட்டதால்தான் வந்தது.

ஆஸ்கர் ஆஸ்கர் என்கிறோமே, அங்கேயும் இதே கதைதான். ஸ்டண்ட் கலைஞர்களுக்கு விருது என்பது 2027ல் வெளியாகும் படங்களிலிருந்துதான் ஆரம்பம். கிட்டத்தட்ட நூறு வருஷம் ஆயிற்று. இந்த ஒரு விஷயத்தில் நம் தேசிய விருது முந்திக்கொண்டது. 2017லேயே புலிமுருகன் படத்துக்காக நம் பீட்டர் ஹெய்னுக்குக் கொடுத்துவிட்டார்கள். நல்லதைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது.

ஆனால் அதே தொழிலில் உயிர் போனால்? 2020 பிப்ரவரியில் பூந்தமல்லி அருகே இந்தியன் 2 படப்பிடிப்பில் கிரேன் சாய்ந்து மூன்று பேர் இறந்தார்கள். 2024ல் சாலிகிராமத்தில் ஒரு ஸ்டண்ட் கலைஞர், 2025ல் நாகப்பட்டினம் பக்கம் இன்னொருவர். ஒவ்வொரு முறையும் படத்தின் பெயரும் நாயகனின் பெயரும்தான் கொட்டை எழுத்தில் வந்தன. இறந்தவர்களின் பெயர் உங்களில் எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது?

சினிமாவிலாவது கேட்க ஓர் இடம் இருக்கிறது. இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன், பாதை தெரியுது பார் எடுத்த நிமாய் கோஷ் போன்றவர்கள் அலைந்து திரிந்து இந்த ஊரில் சங்கங்களைக் கட்டினார்கள். இன்று பெப்சி இருக்கிறது. எழுத்து மூலம் ஒப்பந்தம் இல்லாமல் சினிமாத் தொழிலாளியை வேலைக்கு வைக்கக் கூடாது என்று 1981லேயே மத்திய அரசு சட்டம் போட்டது. எத்தனை பேர் பின்பற்றினார்கள் என்பது வேறு கதை. சபா மேடைக்குப் பின்னால் வேலை செய்கிறவருக்கு எந்தச் சட்டம்? காலை ஐந்து மணிக்குப் பெட்டியோடு வந்து, நெற்றிச்சுட்டி, ராக்கொடி, ஜடை எல்லாம் ஆடும்போது அவிழாமல் வைத்துக் கட்டிவிட்டுப் போகிற மேக்கப்காரருக்கு ஒரு துண்டுச் சீட்டாவது உண்டா?

அடையாறுக்காரர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 1935 டிசம்பரில் தியசாபிகல் சொசைட்டியில் ருக்மிணி தேவி ஆடினார், வரலாறு மாறியது என்று நமக்கெல்லாம் தெரியும். அவருடைய நாட்டிய உடைகளை உருவாக்க உதவியவர் மேடம் கஸான் என்கிற இத்தாலியத் தையற்காரப் பெண்மணி. மேடைக்கும் ஒளிக்கும் கான்ராட் வோல்ட்ரிங், அலெக்ஸ் எல்மோர் உதவினார்கள். ஆய்வாளர்கள் எழுதிவைத்ததால் இந்தப் பெயர்கள் இன்றைக்கும் கிடைக்கின்றன. அதற்குப் பிறகு தொண்ணூறு வருஷமாக மயிலாப்பூரிலும் மாம்பலத்திலும் உட்கார்ந்து தைத்த நம்மூர் ஆட்களில் பத்துப் பெயர் சொல்லுங்கள் பார்ப்போம்.

கடைசியாக, சொந்தங்களுக்கு மட்டும் ஒரு குட்டு. பெண்ணைத் தரமணி நிஃப்டில் சேர்த்தால் "ஃபேஷன் டிசைனர்" என்று ஊரெல்லாம் சொல்கிறோம். அதே கத்தரியை ஒருவன் சந்துக் கடையில் பிடித்தால் "டெய்லர்", அவனுக்குப் பெண் கொடுக்க யோசிக்கிறோம். 1983ல் காந்தி படத்துக்காக இந்தியாவுக்கு முதல் ஆஸ்கர் வாங்கி வந்த பானு அத்தையா செய்ததும் துணி வேலைதான். பரதேசி படத்துக்குத் தேசிய விருது வாங்கிய நம் பூர்ணிமா ராமசாமி செய்ததும் துணி வேலைதான். அந்தப் படத்தில் பட்டும் இல்லை, ஜரிகையும் இல்லை, தேயிலைத் தோட்டத்துக் கூலிகளின் கந்தல். கந்தலை நம்பும்படி செய்வது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்தவர்கள் விருது கொடுத்தார்கள். நம் குடும்பத்தில் ஒரு பிள்ளை மேக்கப் படிக்கிறேன், சவுண்ட் படிக்கிறேன் என்று கேட்டால், "அதெல்லாம் எடுபிடி வேலை" என்று சொல்கிற பெரியவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். இங்கே பெயர் போடவில்லை, அடுத்த முறை போடுவேன்.

சபா நாடகக்காரர்களைப் பாருங்கள். நாடகம் முடிந்ததும் செட், லைட், மேக்கப் ஆட்களை மேடைக்குக் கூப்பிட்டுப் பெயர் சொல்லிக் கைதட்டு வாங்கிக் கொடுப்பதை எத்தனை முறை பார்த்திருக்கிறேன். இரண்டு நிமிஷம்கூட ஆகாது. என் மாணவர்களில் சிலர் இன்று சபா கமிட்டிகளில் இருக்கிறீர்கள். டிசம்பர் சீசன் நோட்டீஸ் அச்சுக்குப் போவதற்கு முன் உடை, ஒப்பனை, ஒளி, ஒலி என்று நான்கு வரி சேருங்கள். இந்த வருஷம் அச்சாகிவிட்டது என்றால், நிகழ்ச்சியின் யூட்யூப் வீடியோவுக்குக் கீழே எழுத நிறைய இடம் இருக்கிறது, அச்சுக்கூலியும் கிடையாது. முழுப் பெயராக, இனிஷியலோடு போடுங்கள். "மேக்கப்: குமார்" என்றால் யாருக்குப் புரியும்? மேற்கு மாம்பலத்தில் மட்டும் எத்தனை குமார்! எப்படி எழுத வேண்டும் என்று அவரிடமே ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.