இயந்திரம் இருக்கிறது, நர்ஸ் எங்கே?

பிரசவ வலியில் துடிக்கும் பெண்ணின் வயிற்றில் இரண்டு பட்டைகளைக் கட்டுகிறார்கள். ஒன்று குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்கும். மற்றொன்று வலி வந்து போவதைக் காட்டும். ஊசி இல்லை, கத்தி இல்லை. காகிதத்தில் கோடு ஓடுகிறது. "விஞ்ஞானம் வந்துவிட்டது, இனி என்ன பயம்?" என்கிறார்கள் ஆஸ்பத்திரி முதலாளிகள்.

விஞ்ஞானத்துக்கு நாம் விரோதிகள் அல்ல. ரத்தக்கொதிப்பு போன்ற ஆபத்துள்ள தாய்க்கு அந்த இயந்திரம் வேண்டும்தான். ஆனால் ஓடும் கோட்டைப் படிப்பது யார்?

அயர்லாந்தில் டப்ளின் நகரில் சுமார் 13,000 பெண்களிடம் இதைச் சோதித்து 1985-ல் முடிவை வெளியிட்டார்கள். பாதிப்பேருக்கு இயந்திரம்; மீதிப்பேருக்கு நர்ஸ் அவ்வப்போது காதால் கேட்டாள். இயந்திரம் கட்டியவர்களின் சிசுக்களுக்கு வலிப்பு குறைந்தது; மறைப்பானேன்? ஆனால் சாவு குறையவில்லை. பல ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்தபோது, இயந்திரம் கட்டிய பெண்களின் வயிற்றில் கத்தி அதிகமாக விழுந்ததும் தெரிந்தது. கத்தி விழுந்தால் பில் ஏறும் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை!

காதால் கேட்க என்ன வேண்டும்? 1895-ல் பாரிஸ் டாக்டர் பினார் செய்த ஊமத்தம்பூ வடிவ மரக்குழல் போதும். கூடவே ஒரு தாள். ரொடீஷியாவில் (இன்றைய ஜிம்பாப்வே) டாக்டர் இல்லாத சிறு ஆஸ்பத்திரிகளின் மருத்துவச்சிகளுக்காக, பில்பாட், காசில் என்ற இரு டாக்டர்கள் 1972-ல் வெளியிட்ட தாள் அது. கருப்பை வாய் திறக்கத் திறக்கப் புள்ளி வைத்துக்கொண்டே வரவேண்டும். புள்ளி எச்சரிக்கைக் கோட்டைத் தாண்டினால், பெண்ணைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பு! இந்தோனேஷியா, தாய்லாந்து, மலேசியாவில் 35,484 பெண்களிடம் உலக சுகாதார நிறுவனம் இத்தகைய தாளைச் சோதித்து 1994-ல் முடிவைச் சொன்னது. 18 மணி நேரத்துக்கு மேல் இழுத்த பிரசவங்கள் 100-க்கு 6.4 என்பதிலிருந்து 3.4 ஆகக் குறைந்தன. எல்லாப் பெண்ணுக்கும் மணிக்கு ஒரு சென்டிமீட்டர் திறக்காது என்று தெரிந்ததும், 2020-ல் தாளையே திருத்தினார்கள்.

தாள் மலிவு. குழல் மலிவு. மலிவாகக் கிடைக்காதது நர்ஸின் நேரம். வலி முற்றிய பெண்ணுக்கு 15 முதல் 30 நிமிஷத்துக்கு ஒரு தடவை துடிப்பைக் கேட்க வேண்டும். முக்கும் கட்டத்தில் 5 நிமிஷத்துக்கு ஒரு தடவை. ஒரே நர்ஸிடம் நாலு பெண்கள் இருந்தால்? ஒருத்தி முக்கும்போது மற்ற மூவரின் குழந்தைகளை யார் கேட்பது? இரண்டு தறி பார்த்தவன் தலையில் நாலு தறியைக் கட்டிய கதை மில் தொழிலாளிக்குத் தெரியும். அங்கே அறுந்தது நூல்!

அதனால்தான் பல இடங்களில் பிரசவம் முடிந்தபின் உட்கார்ந்து அந்தத் தாளை நிரப்புகிறார்கள். நர்ஸைத் திட்டாதீர்கள், தோழர்களே! அவளும் ஷிப்டில் உழைப்பவள்தான். காலியிடத்தை நிரப்பாமல் வைத்திருப்பவர்களைக் கேளுங்கள். இன்றிரவு பிரசவ அறையில் எத்தனை தாய்மார்கள், எத்தனை நர்ஸுகள்? அந்த இரண்டு எண்ணையும் ஆஸ்பத்திரி வாசல் பலகையில் தினமும் எழுதிப் போடட்டும்!