சந்தா வாங்கிய குற்றம்



ஆண்டுச் சந்தா புதுப்பிக்கும் மாதம் இது. கொரட்டூர் ஹவுசிங் போர்டு வீடுகளிலிருந்தும் ரயில் நிலையப் பக்கத்திலிருந்தும் பணம் வந்துகொண்டிருக்கிறது. ஜிபேயில் அனுப்பிவிட்டுப் பெயரைக் குறிப்பிடாமல் விட்டவர்களைக் கண்டுபிடிப்பதே தனி உத்தியோகமாகிவிட்டது. இதற்கு நடுவில் வாசகர் ஒருவர் ஒரு யோசனை சொல்லியிருக்கிறார். கும்பாபிஷேக மலரில் உபயதாரர் பட்டியல் போடுவதுபோல, நம் சந்தாதாரர்கள், நன்கொடையாளர்கள் பெயர்களையும் இதழில் போடலாமே என்கிறார். நல்லெண்ணத்தில் சொன்னதுதான். ஆனால் அதைப் படித்ததும் கொழும்புப் பத்திரிகையாளர் ஜெ. எஸ். திசநாயகத்தின் நினைவுதான் எனக்கு வந்தது.

திசநாயகம் தமிழர், எழுதியது ஆங்கிலத்தில். ‘சண்டே டைம்ஸ்’ ஞாயிறு இதழில் பத்தி எழுதினார், ஓர் இணையதளம் நடத்தினார். அதற்கும் முன்பு ‘நார்த் ஈஸ்டர்ன் மன்த்லி’ என்ற சிறு மாத இதழுக்கு ஆசிரியராக இருந்தார். 2008 மார்ச் மாதம், அச்சகம் நடத்திய நண்பர் ஜசிகரனையும் அவர் மனைவி வளர்மதியையும் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. என்ன ஆயிற்று என்று விசாரிக்க மார்ச் 7 அன்று பயங்கரவாதப் புலனாய்வுப் பிரிவு அலுவலகத்துக்குப் போன திசநாயகத்தையும் அங்கேயே பிடித்துவைத்துக்கொண்டார்கள். குற்றப்பத்திரிகை வருவதற்கே ஐந்து மாதம் ஆனது.

குற்றம் என்ன? அந்த மாத இதழின் 2006 ஜூலை இதழிலும் நவம்பர் இதழிலும் வந்த எழுத்து. தமிழர்களுக்கு அரசு பாதுகாப்புத் தரப்போவதில்லை என்று ஒன்றில் எழுதியிருந்தார். வாகரைப் பகுதியில் பொதுமக்கள் மேல் ஷெல் விழுவதையும், உணவும் மருந்தும் மறிக்கப்படுவதையும் மற்றொன்று சொன்னது. இது இனங்களுக்கு இடையே பகையை மூட்டுகிறது என்பது அரசுத் தரப்பு வாதம். போலீஸ் காவலில் அவர் கொடுத்ததாகச் சொல்லப்பட்ட வாக்குமூலம்தான் முக்கியச் சான்று. மிரட்டி வாங்கினார்கள் என்று அவர் சொன்னார், நீதிமன்றம் ஏற்கவில்லை. சாதாரண வழக்கில் போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் செல்லாது, நம் ஊரிலும் அப்படித்தான். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் அங்கே செல்லும். அது மிரட்டி வாங்கியது என்று நிரூபிக்க வேண்டிய சுமையும் கைதியின் தலையில்தான். 1979இல் ‘தற்காலிக ஏற்பாடு’ என்று பெயர் சூட்டிக் கொண்டுவந்து, 1982இல் நிரந்தரமாக்கிய சட்டம் அது.

2009 ஆகஸ்ட் 31 அன்று கொழும்பு உயர் நீதிமன்றம் 20 ஆண்டு கடுங்காவல் விதித்தது. அதை எப்படிப் பிரித்தார்கள் என்பதைத்தான் நான் இன்றைக்கும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். எழுத்து தொடர்பான இரண்டு குற்றச்சாட்டுகளுக்கும் ஐந்தைந்து ஆண்டு. பத்திரிகை நடத்தப் பணம் சேர்த்ததற்குப் பத்து ஆண்டு! எழுதியதைவிட, அச்சுக்கூலிக்குப் பணம் திரட்டியது பெரிய பயங்கரவாதம். முட்டாள்தனமான கணக்காகத் தோன்றும். அரசின் கோணத்தில் பார்த்தால் அது மிகவும் புத்திசாலித்தனமான கணக்கு. ஆசிரியரைச் சிறையில் போட்டால் இன்னொருவர் எழுத வருவார். பணம் கொடுப்பதே குற்றத்தில் கொண்டுபோய் விடும் என்றால், அடுத்த பத்திரிகைக்கு யார் சந்தா கட்டுவார்கள்? எந்த அச்சகம் வேலையை எடுக்கும்?

தமிழ்நாட்டிலும் ஆசிரியர்கள் சிறைக்குப் போயிருக்கிறார்கள். 1987இல் ஓர் அட்டைப்பட ஜோக்குக்காக ஆனந்த விகடன் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்குச் சட்டமன்றம் மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாளில் வெளியே விட்டார்கள். பிற்பாடு நீதிமன்றம் அவருக்கு ஆயிரம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. அப்போதும் விகடன் வாங்கியவரின் வீட்டுக் கதவை யாரும் தட்டவில்லை.

நம் ஏரிக்குள் கழிவுநீர் வருவதைப் பற்றி நாம் எழுதினால் அதிகபட்சம் ஒரு கோபமான போன் வரும், அவ்வளவுதான். ஏரிக்காகக் கொரட்டூர்க்காரர்கள் பசுமைத் தீர்ப்பாயம் வரை போய்விட்டு, வீட்டுக்குத் திரும்பி நிம்மதியாகச் சாப்பிட முடிந்தது. இருந்தாலும் பெயர்ப் பட்டியல் வேண்டாம் என்றே எனக்குத் தோன்றுகிறது. யார் எந்தப் பத்திரிகைக்குப் பணம் கொடுக்கிறார்கள் என்பது அவரவர் சொந்த விஷயம். யோசனை சொன்ன நண்பர் வருத்தப்பட வேண்டாம்.

திசநாயகத்துக்கு உலகத்தின் கவனமாவது கிடைத்தது. 2009இல் பத்திரிகைச் சுதந்திர தினச் செய்தியில் ஒபாமா, சீனச் சிறையில் இருந்த ஷி தாவ், ஹூ ஜியா ஆகியோருடன் இவர் பெயரையும் சொன்னார். 2010 ஜனவரியில் ஜாமீன். அதே ஆண்டு மே 3 அன்று, அதுவும் பத்திரிகைச் சுதந்திர தினத்தில், இலங்கை ஜனாதிபதியின் பொதுமன்னிப்பு அறிவிக்கப்பட்டது. பிறகு அமெரிக்கா போனார். ஜசிகரன் தம்பதியும் அதற்கு முன்பே விடுதலையாகியிருந்தார்கள். ‘சண்டே லீடர்’ ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்கவுக்கு அந்த அதிர்ஷ்டம்கூட இல்லை; 2009 ஜனவரி 8 அன்று வேலைக்குப் போகும் வழியில் கொன்றார்கள். ஆனால் திசநாயகத்துக்குக் கிடைத்த மன்னிப்பு தண்டனையைத்தான் நீக்கும். தீர்ப்பு தவறு என்று அது சொல்லாது. பயங்கரவாதத் தடைச் சட்டமும் அப்படியே இருந்தது.

இருந்ததால்தான் 2020 மே மாதம் மன்னார்ப் பகுதியைச் சேர்ந்த இளம் பள்ளி ஆசிரியர் அஹ்னாஃப் ஜசீமை அதே சட்டத்தில் பிடிக்க முடிந்தது. அவருடைய ‘நவரசம்’ என்ற தமிழ்க் கவிதைத் தொகுப்பு தீவிரவாதத்தைத் தூண்டுகிறது என்றார்கள். வன்முறையைக் கண்டிக்கும் கவிதைகள் அதிலேயே இருக்கின்றன. 2021 டிசம்பரில் ஜாமீன் கிடைக்கும் வரை 19 மாதம் உள்ளே இருந்தார். அவருக்கு யாரும் மன்னிப்பு வழங்கவில்லை. 2023 டிசம்பரில் புத்தளம் உயர் நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தது.

அன்புடன்,
ஆசிரியர்