கரை யாருக்கு?

ஏரிக்கரையில் படகுத்துறை, அதை ஒட்டி வீடுகள். அந்த இடத்தைக் குடியிருப்புப் பகுதி என்று அறிவிப்பதா, வணிகப் பகுதி என்பதா, நிபந்தனைகளுடன் கூடிய கலப்புப் பகுதி என்பதா? நகராட்சி வரைபடத்தில் பூசப்படும் ஒரு நிறம் பல குடும்பங்களின் நிம்மதியைத் தீர்மானிக்கிறது.

வணிகம் என்றால் இரவெல்லாம் இரைச்சல், தண்ணீரில் எண்ணெய்க் கசிவு. குடியிருப்பு மட்டும் என்றால் வசதி படைத்தோரின் மாளிகைகள் எழும்பி, கரையே பொதுமக்களுக்கு இல்லாமல் போகும்.

அமெரிக்காவில், ஈரி ஏரிக்கரையில் உள்ள ஊர் யூக்ளிட். நிலத்தை வகை பிரித்து 1922ல் அது சட்டம் போட்டது. 68 ஏக்கர் வைத்திருந்த நிறுவனம் வழக்குத் தொடுத்தது. 1926ல் உச்சநீதிமன்றம் ஊரின் பக்கமே தீர்ப்பளித்தது. அதே ஊரில் இந்த நூற்றாண்டில் கரையோர வீட்டுக்காரர்கள், பொதுமக்கள் நடக்கத் தங்கள் கரையில் உரிமை தந்தனர். பதிலுக்கு நகராட்சி அலை அரிப்பைத் தடுத்து நடைபாதை அமைத்தது.

ஆகவே வாசகர்களே, நிறத்தைவிட நிபந்தனையே முக்கியம். எத்தனை படகு, எத்தனை மாடி, எத்தனை மணிக்கு மூடுவது, பொதுவழி எது? எல்லாம் எழுத்தில் வர வேண்டும். கருத்துக் கேட்புக் கூட்டத்திற்குப் போகாமல் இருந்துவிட்டுப் பிறகு புலம்பி என்ன பயன்? சிந்திப்பீர்!