பெயரை விடுங்கள், வாட்டைக் கேளுங்கள்

நமது சங்கத்துக் குடும்பங்களில் பிள்ளைகள் விளையாட்டுக்கு ஏற்ற மடிக்கணினி கேட்கிறார்கள். இடக்கொச்சியிலிருந்து எர்ணாகுளம் பென்டா மேனகா வரை போய், ஸ்டிக்கரைப் பார்த்தே வாங்கிவிடுகிறோம். அது போதாது. 2023இல் வந்த என்விடியா ஆர்.டி.எக்ஸ். 4050 என்ற ஒரே பெயரில் 35 வாட்டும் உண்டு, 115 வாட்டும் உண்டு. எத்தனை வாட் கொடுப்பது என்பது கணினித் தயாரிப்பாளரின் முடிவு. குதிரைசக்தி தெரியாமல் என்ஜினில் பெட்டி கோர்ப்பார்களா? மெல்லிய, அழகான மாடலில் வெப்பம் வெளியேற இடம் குறைவு. பெரும்பாலும் வாட்டையும் குறைத்திருப்பார்கள். கடைக்காரர் மழுப்பினால் தயாரிப்பாளரின் விவரத்தாளைக் காட்டச் சொல்லுங்கள். ராம் 8 ஜி.பி.தான் என்றால், பிறகு கூட்ட இடமுண்டா என்றும் பாருங்கள். தவணையில் வாங்கும் அதே கணினிதான் நான்காண்டுக் கல்லூரிப் படிப்புக்கும். மறுபடி வாங்க எத்தனை வீட்டில் முடியும்? கலர் கலராக மின்னும் கீபோர்டுக்குக் கூடுதல் காசு, என்னைக் கேட்டால், தண்டம்.