வல்லரசுகளின் நாணயம்

தாம்பரத்துக்கும் உலக அரசியலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்போர் உண்டு. 1984-ஆம் வருஷத்தில் தோன்றிய ஏற்றுமதி வளாகம் இங்கே இருக்கிறது. அதில் உழைப்போரின் ஜீவனம் டாலரின் ஏற்றத்தாழ்வோடு பிணைந்தது. தெற்கே, இதே செங்கற்பட்டு ஜில்லாவின் கடற்கரையில், கல்பாக்கத்து அணு உலைகள் நிற்கின்றன. பணமும் அணுவும் வெவ்வேறு விஷயங்கள் என்று கருதுவோர் 1998-ஆம் வருஷத்தை நினைவு கூர்தல் நலம்.

அவ்வருஷம் மே 11, 13 தேதிகளில் நமது ராஜாங்கம் பொக்ரானில் அணுகுண்டுச் சோதனை நடத்திற்று. உடனே அமெரிக்கா பொருளாதாரத் தடை விதித்தது. ஜப்பான் புதிய கடனுதவியை நிறுத்திற்று. ஆசிய நாணயங்கள் பல சரிந்து கிடந்த காலம் அது, ரூபாயும் தளர்ந்தது. ஆகஸ்டு மாதத்தில் ரிஸர்வ் பாங்கு வட்டியை உயர்த்த நேர்ந்தது. ஸ்டேட் பாங்கு வெளிநாட்டு இந்தியர்களிடம் பத்திரம் விற்றுச் சுமார் 420 கோடி டாலர் திரட்டியது. மே 28-ந் தேதி தானும் குண்டு வெடித்த பாகிஸ்தானோ, தன் பாங்குகளில் ஜனங்கள் போட்டிருந்த அந்நிய நாணயக் கணக்குகளையே முடக்கிவிட்டது. குண்டின் செலவை இரு தேசத்து ஜனங்களும் கொடுத்தார்கள்.

இவ்விரு விஷயங்களுக்கும் பொதுவான நோய் ஒன்று உண்டு. அது வல்லரசுகளின் வாக்குத் தவறுதல். ஓர் அவுன்ஸ் தங்கத்துக்கு 35 டாலர் என்று அந்நிய ராஜாங்கங்களுக்கு அமெரிக்கா கொடுத்த உறுதியின் மேல் 1944-ஆம் வருஷத்து பிரெட்டன் உட்ஸ் ஏற்பாடு நின்றது. 1971 ஆகஸ்டு 15-ந் தேதி ஜனாதிபதி நிக்ஸன் ஒரே பிரசங்கத்தில் அதைக் கைவிட்டார். 1968-ஆம் வருஷத்து அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தின் ஆறாவது ஷரத்து, ஆயுதங்களைக் களைய நல்லெண்ணத்துடன் பேச்சு நடத்த வேண்டுமென்று விதிக்கிறது. அரை நூற்றாண்டுக்கு மேலாகியும் உலகில் சுமார் 12,000 அணு ஆயுதங்கள் இருக்கின்றன. பலவீனருக்கு மட்டும் ஒப்பந்தம், பலவானுக்குச் சௌகரியம் என்றால் அதற்குச் சட்டம் என்று பெயரிடலாமா?

இதன் பலனை இப்போது காண்கிறோம். உக்ரேன் 1994-ல் வாக்குறுதிகளை நம்பித் தன் மண்ணிலிருந்த அணு ஆயுதங்களைக் கொடுத்தது. 2014-லும் 2022-லும் ருஷ்யா அதன் மேல் படையெடுத்தது. மேற்கு நாடுகளோ ருஷ்யாவின் மத்திய பாங்குப் பணத்தில் சுமார் 30,000 கோடி டாலரை முடக்கின. ஆக்கிரமிப்பைத் தண்டிப்பது நியாயமே. ஆயினும் பிறர் பெட்டியில் வைத்த பணம் ஒருநாள் தனக்கில்லாமற் போகலாம் என்பதை எல்லா ராஜாங்கங்களும் குறித்துக்கொண்டன. 2022 முதல் மூன்று வருஷங்கள் மத்திய பாங்குகள் வருஷத்துக்கு 1,000 டன்னுக்கு மேல் தங்கம் வாங்கின. தங்கத்தைத் தேடும் அதே பயமே குண்டையும் தேடச் செய்யும். அதுவே நாம் அஞ்சும் அபாயம்.

இந்தியாவே குண்டு வைத்துக்கொண்டு பிறருக்கு உபதேசிக்கலாமா என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது. கல்பாக்கத்து மின் உலைகளைச் சர்வதேசப் பரிசோதனைக்கு வெளியே வைத்திருக்கிறோம். அந்த உரிமையோடு பொறுப்பும் வருகிறது. முதலில் அணு ஆயுதத்தைப் பிரயோகிப்பதில்லை என்று 2003-ல் உலகறியச் சொன்ன விரதத்தை எந்த மந்திரியின் வாய்ச்சொல்லும் தளர்த்தலாகாது. சர்வதேச நாணய நிதியில் பெரிய முடிவுகளுக்கு நூற்றுக்கு 85 வாக்கு வேண்டும். அமெரிக்கா ஒன்றே 16-க்கு மேல் வைத்துக்கொண்டு அவற்றைத் தடுக்க வல்லது. இம்முறை மாறும் வரை ஏழை நாடுகளின் சார்பில் நாம் வாதாட வேண்டும்.

தமிழில் நாணயம் என்றால் காசு, நேர்மையும் அதுவே. இரண்டாவது பொருள் போனால் முதலாவதும் நிலைக்காது. பிறரை வாக்குக் காக்கும்படி கேட்கும் தேசம், முதலில் தன் வாக்கைக் காக்கட்டும்.