எல்லைக்கோட்டை நாமே கீறவேண்டும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் தென்மராட்சியில் காணி விலை ஏற ஏற, தாழ்ந்த நிலமெல்லாம் மேடாகிறது. கோடையில் வயலும் தரவையும் வெறுமையாகக் கிடக்கும்போது உழவு இயந்திரப் பெட்டிகளில் மண் வந்து இறங்கும். மாரிக்கு முன் மதில் எழும்பிவிடும். கார்த்திகையில் அங்கே நிற்கவேண்டிய தண்ணீர் பக்கத்து வீட்டு அடுப்படிக்குள் நுழைகிறது.

சாவகச்சேரி நகரசபையும் பிரதேச சபையும் சேர்ந்து, தங்கள் எல்லைக்குள் உள்ள குளம், தரவை, வெள்ளவாய்க்கால், கடல்நீரேரிக் கரை எல்லாவற்றையும் வரைபடத்தில் குறித்து, அங்கே எதைக் கட்டலாம், எதைக் கட்டக்கூடாது என்று உபவிதி இயற்றவேண்டும். 2023 மார்ச்சிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்கு மேல் தெரிவான உறுப்பினர்கள் இல்லாமல் சபைகள் இயங்கின. 2025 மே தேர்தலுக்குப் பின் அந்தச் சாட்டு இல்லை.

சட்டமே இல்லை என்று சொல்லமுடியாது. 1981 ஆம் ஆண்டின் கரையோரம் பேணல் சட்டத்துக்கு 2011 இல் வந்த திருத்தம், கடலோடு தொடர்புள்ள நீரேரிகளின் விளிம்பிலிருந்து 100 மீற்றர் நிலத்தைக் கரையோர வலயத்துக்குள் சேர்த்தது. வயலை நிரப்ப, 2000 ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்கீழ் அனுமதி வேண்டும். ஆனால் கச்சாயிலோ தனங்கிளப்பிலோ காணி வாங்குபவருக்கு அந்த 100 மீற்றர் எங்கே முடிகிறது என்று யார் காட்டுவது? வயலுமல்லாத, கரையுமல்லாத தரவைக்கு எந்தத் திணைக்களம் பொறுப்பு? ரொறன்ரோவிலிருந்து படத்தில் பார்த்துக் காணி வாங்குபவரிடம், கார்த்திகையில் அது குளம் என்று தரகர் சொல்லப்போவதில்லை.

வெள்ளம் ஒரு பக்கம். கிணறுதான் பெரிய கவலை. வற்றாத ஆறில்லாத குடாநாடு இது. சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கும் மழைநீர், அடியில் உள்ள உவர்நீரின்மேல் வில்லைபோல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பது அடிக்கு உவர் தள்ளி நிற்கும் என்பது நிலத்தடி நீரியலின் பழைய கணக்கு. மேலே ஓரடி குறைந்தால் கீழே என்ன ஆகும் என்பதைக் கிணற்றுக்காரருக்கு விளக்கத் தேவையில்லை. தெற்கே யாழ்ப்பாணக் கடல்நீரேரி, மேற்கிலும் வடக்கிலும் உப்பாறும் வடமராட்சி நீரேரியும் என்று மூன்று பக்கமும் உப்பு சூழ்ந்த ஊர் எங்களுடையது. பொறியியலாளர் சண்முகம் ஆறுமுகம் 1950களில் ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ திட்டத்தை வரைந்தார். அந்த ஆறு இன்னும் வந்துசேரவில்லை. இருக்கிற குளங்களையும் தூர்த்துவிட்டு எதைக் குடிப்பது?

பாதுகாப்பு என்றதும் எமது மக்கள் மிரளுவதில் நியாயம் உண்டு. போருக்குப் பின் வடக்கில் வனவளத் திணைக்களமும் வனஜீவராசிகள் திணைக்களமும் எல்லையிட்ட நிலங்களுக்குள் மக்கள் பயிர்செய்த காணிகளும் அகப்பட்டன. வர்த்தமானி மறுபக்கமும் புரளும். மன்னார் விடத்தல்தீவு இயற்கை ஒதுக்கத்திலிருந்து 168 ஹெக்டேயரை நீர்வாழ் உயிரின வளர்ப்புக்கென்று 2024 இல் விடுவித்தார்கள். விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது. கொழும்பு எல்லைக்கோட்டைக் கீறினாலும் அழித்தாலும் எங்களைக் கேட்பதில்லை. சபையே அதைக் கீறவேண்டும் என்பது அதனால்தான்.

வரைபடத்தை மாரியில், தண்ணீர் நிற்கும்போது நடந்து பார்த்துத் தயாரிக்கவேண்டும். கிராம அலுவலர் பணிமனைகளில் ஒட்டி, ஆட்சேபம் சொல்ல அவகாசம் தரவேண்டும். மீனவரின் வாடிக்கும் இறங்குதுறைக்கும் விலக்கு வேண்டும். ஏற்கெனவே குடியிருக்கும் வீடுகளைத் தொடக்கூடாது. இரண்டு பரப்புக் காணியை மட்டும் வைத்திருப்பவர், மண் நிரப்பாமல் தூண்களின்மேல் வீடு கட்ட வழிவிடலாம். பெரிய காணிகளை நிரப்பித் துண்டுபோட்டு விற்பவர்களுக்கு எந்தச் சலுகையும் வேண்டாம்.

உபவிதிக்கு மாகாண மட்டத்தில் அங்கீகாரம் வேண்டும். 2018 ஒக்ரோபருடன் வடமாகாண சபையின் காலம் முடிந்துவிட்டதால், ஆளுநரிடம்தான் போகவேண்டியிருக்கும். அது இழுபடலாம். அதுவரை, புதிய கட்டட விண்ணப்பம் ஒவ்வொன்றோடும் அந்தக் காணியின் மாரிகால வெள்ள மட்டத்தைக் காட்டும் படத்தைக் கேட்பதென்று இரு சபைகளும் அடுத்த கூட்டத்திலேயே தீர்மானம் எடுக்கலாம்.